அஜ்மீர், தேவ்பந்த், அலிகார்: அக்பர் அகமது வரைந்த மூன்று ஊர் வரைபடம்

அஜ்மீர் ராஜஸ்தானில் இருக்கிறது. தேவ்பந்தும் அலிகாரும் உத்தரப் பிரதேசத்தில். மனம் வைத்தால் மூன்றையும் ஒரே வாரத்தில் ரயிலிலேயே பார்த்துவிட்டுத் திரும்பலாம். இந்த மூன்று ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மொராக்கோவில் தொடங்கி இந்தோனேசியா வரை பரந்திருக்கும் முஸ்லிம் சமூகங்களின் போக்கை விளக்க முடியுமா? முடியும் என்று ஒருவர் எழுதினார். பெயர் அக்பர் அகமது. மானுடவியலாளர், பாகிஸ்தான் ஆட்சிப் பணியில் இருந்தவர், பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரை வழங்கியவர், லண்டனில் பாகிஸ்தானின் தூதராக இருந்தவர், பிறகு வாஷிங்டனில் பேராசிரியர்.

அவருடைய மூன்று ஊர் வகைப்பாட்டைப் புதிதாகப் படிப்பவர்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஆனால் அந்த மனிதர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வகைப்பாட்டின் பலமும் பிடிபடாது, அது எங்கே சறுக்குகிறது என்பதும் பிடிபடாது. எனவே முதலில் ஆளைப் பார்ப்போம்.

அதற்கும் முன்னால் ஒன்று. 'முஸ்லிம் உலகம் என்ன நினைக்கிறது?' என்று தொலைக்காட்சியில் கேட்கிறார்கள். அந்த உலகத்தில் அரபு மொழி பேசுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடு இந்தோனேசியா. பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம் ஆகிய மூன்றையும் கூட்டினால் அரபு நாடுகள் அனைத்தையும் விட அதிகம் வரும். இவ்வளவு பேரும் சேர்ந்து ஒன்றை நினைப்பது எப்படி? கேள்வியே கோணல் என்று சொல்லிவிட்டு ஒரு பேராசிரியர் எழுந்து போய்விடலாம். ஆனால் அவர் எழுந்துபோன நாற்காலியில் வேறு யாராவது வந்து உட்கார்ந்து, தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். அக்பர் அகமது எழுந்து போகாத வகையைச் சேர்ந்தவர். கோணலான கேள்விக்கும் கொஞ்சமாவது நேரான பதிலைச் சில நிமிடங்களுக்குள் சொல்லப் பழகியவர். மூன்று ஊர் வகைப்பாடு பிறந்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

அவர் 1943-ல் அலகாபாத்தில் பிறந்தார். பிரிவினையின்போது குடும்பம் பாகிஸ்தானுக்குப் போனது. அபோட்டாபாத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய பள்ளி, லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காமும் கேம்பிரிட்ஜும். 1966-ல் பாகிஸ்தான் ஆட்சிப் பணியில் சேர்ந்தார். நம் ஐ.ஏ.எஸ். போலவே அதுவும் பழைய ஐ.சி.எஸ்.ஸின் வாரிசுதான். கிழக்குப் பாகிஸ்தானிலும் வேலை பார்த்தார், வடமேற்கு எல்லைப்புறத்திலும் வேலை பார்த்தார். அந்த எல்லைப்புறத்தில் இருந்த ஸ்வாத் சமஸ்தானத்தின் அரச குடும்பத்தில் திருமணம் செய்துகொண்டார். 1978-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆப்கன் எல்லையை ஒட்டிய தெற்கு வஜிரிஸ்தானின் அரசியல் முகவராகப் பொறுப்பேற்று 1980 வரை அங்கே இருந்தார்.

அவருடைய சிந்தனை உருவானது இந்த எல்லைப்புற ஆண்டுகளில்தான். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

அந்த எல்லைப்புறத்தில் வாழும் பஷ்தூன்களைப் பற்றி அப்போது மானுடவியல் மாணவர்கள் அனைவரும் படித்த நூல் நார்வேக்காரர் ஃப்ரெட்ரிக் பார்த் எழுதியது. 1950களில் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்து, 1959-ல் வெளியிட்டார். ஒவ்வொருவரும் தனக்கு எது லாபம் என்று கணக்குப் பார்த்துத் தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்படித்தான் கட்சிகள் உருவாகின்றன என்பது அதன் சாரம். அக்பர் அகமது 1976-ல் இதை மறுத்து எழுதினார். நீங்கள் பார்த்தது நிலச்சுவான்தார்களின் ஸ்வாத்தை, அதைக் கொண்டு எல்லாப் பஷ்தூன்களையும் எடை போட முடியாது என்றார்.

மறுத்ததோடு நிற்காமல் ஒரு பாகுபாட்டையும் முன்வைத்தார். பஷ்தூன்கள் இரு வகை: 'நங்' வகை, 'கலங்' வகை. நங் என்றால் மானம். கலங் என்றால் வரி, குத்தகை. தண்ணீர் பாயும் சமவெளியில் நிலம் விளைகிறது. விளைந்தால் உபரி வரும், உபரி வந்தால் குத்தகையும் வரியும் வரும், அவற்றோடு ஜமீன்தாரும் குடியானவனும் அரசும் வருவார்கள். அது கலங் சமூகம். வறண்ட மலையில் விளைவதே வயிற்றுக்குப் போதாது. அங்கே யாரும் யாருக்கும் குத்தகை கொடுப்பதில்லை, வரி கேட்க அரசும் ஏறி வருவதில்லை. எல்லாரும் சமம், எல்லாரிடமும் துப்பாக்கி உண்டு, மானம் ஒன்றுதான் சொத்து. அது நங் சமூகம். இரண்டு பக்கத்தாரும் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே மார்க்கத்தைப் பின்பற்றுகிறார்கள். வாழ்க்கையைப் பிரித்து வைத்திருப்பது நிலமும் தண்ணீரும்.

அவர் ஆளவேண்டியிருந்த தெற்கு வஜிரிஸ்தான் அசல் நங் பூமி. அரசியல் முகவர் என்ற பதவியே விசித்திரமானது. பிரிட்டிஷார் 1901-ல் கொண்டுவந்த எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்தான் அங்கே ஆட்சி. ஒருவன் குற்றம் செய்தால் அவன் குலம் முழுவதையும் தண்டிக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. வழக்குகளை ஜிர்கா எனப்படும் பெரியவர்கள் அவை விசாரித்தது. மாலிக் எனப்படும் குலத்தலைவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டது. மாவட்ட ஆட்சியர், நீதிபதி, தூதுவர் மூவரின் வேலையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். பேச்சுவார்த்தை சரிப்படவில்லையென்றால் துணை ராணுவத்தைக் கூப்பிட வேண்டும்.

அரசியல் முகவரின் பொறுப்பிலிருந்த அந்தப் பகுதியில் இரண்டு பெரிய குலங்கள்: வஜீர், மெஹ்சூத். இரண்டும் தங்களை ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்பவை. ஆக, பங்காளிகள். பங்காளிப் பகை எத்தகையது என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பஷ்தூன்களிடம் அதற்குத் 'தர்பூர்வாலி' என்று தனிப் பெயரே உண்டு. மெஹ்சூத்கள் படிப்பிலும் அரசு வேலையிலும் முந்திவிட்டார்கள், அதிகாரிகளும் அவர்கள் பக்கமே சாய்கிறார்கள் என்று வஜீர்களுக்கு மனக்குறை.

இந்த நேரத்தில்தான் வானா என்ற ஊரில் நூர் முகமது என்ற முல்லா எழுந்தார். பெரிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார். அதைச் சுற்றி ஒரு கடைவீதி வளர்ந்தது. கடைவீதியிலிருந்து பணம் வந்தது, பணத்தோடு ஆட்களும் வந்தார்கள். மாலிக்குகள் பேசாததை அவர் பேசினார். வஜீர்களின் மனக்குறையை மார்க்கத்தின் மொழியில் சொன்னார். மெஹ்சூத்களுக்கு எதிரான போராட்டத்தை ஜிஹாத் என்று அழைத்தார். எதிரில் நின்றவர்களும் ஐவேளை தொழுகிற சுன்னி முஸ்லிம்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1976-ல் அரசு படையை அனுப்பி அந்தக் கடைவீதியைத் தரைமட்டமாக்கியது. முல்லாவைச் சிறையில் அடைத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே போய்ச் சேர்ந்த அக்பர் அகமது கோப்புகளைப் படித்தார், ஆட்களோடு பேசினார், பின்னால் ஒரு நூலும் எழுதினார். அவர் கண்டது இதுதான். வஜிரிஸ்தானில் அதிகாரம் மூன்று இடங்களில் இருக்கிறது: குலத்தலைவர், மார்க்கத் தலைவர், அரசு அதிகாரி. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் வரை சமூகம் நிற்கும். ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கப் பார்த்தால் ரத்தம் சிந்தும். வெளியிலிருந்து பார்ப்பவர் 'இஸ்லாமியக் கிளர்ச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நிகழ்ச்சிக்கு உள்ளே நிலம், கடை வருமானம், படிப்பு, பங்காளிப் பகை ஆகிய எல்லாம் இருக்கின்றன. இந்தக் காலப்பகுதியில் அவர் எழுதியவைதான் அவர் எழுத்துகளிலேயே மிகச் சிறந்தவை என்பது என் எண்ணம். பிற்காலத்துப் புத்தகங்கள் அகலமானவை. இவை ஆழமானவை.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1988-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனார். நேரம் அப்படிப்பட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் சல்மான் ருஷ்டி விவகாரம் வெடித்தது, 1991-ல் வளைகுடாப் போர், 1992-ல் போஸ்னியா. பிரிட்டிஷ் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் 'அந்தப் பக்கத்தை'ப் பற்றி நல்ல ஆங்கிலத்தில் பேசத் தெரிந்த ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார். 1993-ல் பி.பி.சி. அவரை வைத்து ஆறு பகுதிகள் கொண்ட ஒரு தொடரை ஒளிபரப்பியது. தலைப்பு 'வாழும் இஸ்லாம்' என்ற பொருள் தரும். கூடவே வந்த புத்தகத்தின் துணைத்தலைப்பு 'சமர்கந்த் முதல் ஸ்டோர்னோவே வரை'.

அந்தத் துணைத்தலைப்பில் ஒரு குறும்பு இருக்கிறது. சமர்கந்த் எல்லாரும் அறிந்த நகரம், தைமூரின் தலைநகர். ஸ்டோர்னோவே எங்கே இருக்கிறது? ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே லூயிஸ் தீவில், ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதையே பாவமாகப் பார்த்த கட்டுப்பாடான கிறிஸ்தவர்களின் துறைமுக ஊர். அங்கே பாகிஸ்தானிலிருந்து போன சில குடும்பங்கள் வியாபாரம் செய்து வாழ்ந்துவந்தன. அந்த ஊரில் முதல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது 2018-ல்தான். நீலக் குவிமாடங்களையும் ஒட்டகங்களையும் எதிர்பார்த்து உட்கார்ந்த பார்வையாளரிடம், மழை கொட்டும் அந்தத் தீவையும் சேர்த்துத்தான் நீங்கள் முஸ்லிம் உலகம் என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்தத் துணைத்தலைப்பு. ஓர் ஒளிபரப்பாளரின் திறமை இங்கே தெரிகிறது. ஓர் அத்தியாயம் முழுக்க வாதாட வேண்டியதை ஓர் ஊர்ப் பெயரால் சொல்லிவிடுவது.

அடுத்து ஜின்னாவைப் பற்றிய திரைப்படம். 1982-ல் வந்த காந்தி படத்தில் ஜின்னா சிடுமூஞ்சியாகக் காட்டப்பட்டார் என்ற வருத்தம் பாகிஸ்தானில் நெடுநாள் இருந்தது. அக்பர் அகமது தயாரிப்பில் இறங்கி, 1998-ல் வெளியான படத்தில் ஜின்னாவாக நடிக்க கிறிஸ்டோபர் லீயைக் கொண்டுவந்தார். டிராகுலாவாக நடித்துப் பெயர் வாங்கியவரா எங்கள் காயிதே ஆஸம் (மாபெரும் தலைவர்) என்று பாகிஸ்தானியப் பத்திரிகைகளில் பெரிய கூச்சல். லீயோ தன் வாழ்நாளில் நடித்த மிக முக்கியமான வேடம் அதுதான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் படத் தயாரிப்பாளரானது கேம்பிரிட்ஜ்காரர்கள் சிலருக்கு முகச்சுளிப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஐநூறு பிரதிகள் விற்கும் ஆய்வு நூலால் ஒரு தேசத்தின் மனப்படிமத்தை அசைத்துவிட முடியாது.

1999-ல் லண்டனில் பாகிஸ்தானின் தூதராகச் சிறிது காலம் இருந்தார். 2001-ல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இப்னு கல்தூன் பெயரிலான இருக்கையில் பேராசிரியரானார். பொறுப்பேற்ற சில வாரங்களில் செப்டம்பர் 11 வந்தது. அதன்பின் தொலைபேசி ஓயவில்லை என்பதைச் சொல்லவா வேண்டும்?

இருக்கையின் பெயரையும் கவனியுங்கள். இப்னு கல்தூன் 1332-ல் துனிஸில் பிறந்து 1406-ல் கெய்ரோவில் இறந்த வரலாற்றறிஞர். குலத்தாரிடையே உள்ள ஒட்டுறவை அவர் 'அஸபிய்யா' என்றார். பாலைவனத்திலிருந்து வரும் குலம் அந்த ஒட்டுறவின் பலத்தால் நகரத்தைப் பிடிக்கும். நகரத்துச் சுகத்தில் மூன்று நான்கு தலைமுறைகளில் ஒட்டுறவு தளரும். பிறகு வெளியிலிருந்து இன்னொரு குலம் வரும். வஜிரிஸ்தானை ஆண்ட ஒருவருக்கு இந்த 14-ம் நூற்றாண்டு ஆசிரியர் பக்கத்து வீட்டுக்காரராகத் தோன்றியிருக்க வேண்டும். நம் காலத்தில் போரும் இடப்பெயர்வும் நகர வாழ்வும் அஸபிய்யாவை உடைக்கின்றன, உடைந்ததைத் திரும்பப் பிடிக்கும் வெறியில் மானம் என்பது வன்முறையாகத் திரிகிறது என்று 2003-ல் எழுதினார்.

2006-ல் தன் அமெரிக்க மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு துருக்கி, சிரியா, ஜோர்டான், பாகிஸ்தான், இந்தியா, மலேசியா, இந்தோனேசியா எனப் பல நாடுகளுக்குப் புறப்பட்டார். பள்ளிவாசல்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மதரஸாக்களிலும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். உங்களுக்கு முன்மாதிரி யார்? இன்று உங்கள் சமூகத்துக்குப் பெரிய ஆபத்து எது? வந்த பதில்களை அடுக்கி வைக்க அவருக்கு ஒரு சட்டகம் வேண்டியிருந்தது. அதுதான் மூன்று ஊர்கள்.

அஜ்மீர் என்றால் சூஃபி ஞானி குவாஜா முயீனுத்தீன் சிஷ்தியின் தர்கா. அவர் மறைந்தது 1236-ல். பேரரசர் அக்பர் 1570-ல் ஆக்ராவிலிருந்து நடந்தே போய் வணங்கிய இடம். இன்றும் எல்லாச் சாதி மதத்தாரும் வந்துபோகிறார்கள். 'எல்லாரோடும் சமாதானம்' என்பது அஜ்மீர்ப் போக்கின் மந்திரம். இறைவனை அடையும் வழி அன்பு, பாட்டு, குருவின் தொடர்பு. பாரசீகக் கவிஞர் ரூமியையும் ஔரங்கசீப்பின் அண்ணன் தாரா ஷுகோவையும் அக்பர் அகமது இந்த வரிசையில் வைக்கிறார்.

தேவ்பந்த் என்றால் தாருல் உலூம் என்ற மதரஸா. 1857 கிளர்ச்சி தோற்று, டெல்லி சூறையாடப்பட்டு, முகலாய அரசு முடிந்துபோன பிறகு, 1866-ல் ஒரு மாதுளை மரத்தடியில் ஓர் ஆசிரியரோடும் ஒரு மாணவரோடும் தொடங்கியதாகச் சொல்வார்கள். முன்னின்றவர்கள் காசிம் நானவ்தவியும் ரஷீத் அகமது கங்கோஹியும். அரசிடமும் நவாபுகளிடமும் கையேந்தாமல் சாமானியர்களின் நன்கொடையில் நடத்துவது என்று வைத்துக்கொண்டார்கள். அரசு போய்விட்டது, மார்க்கத்தையாவது காப்போம் என்பது அவர்கள் கணக்கு. வேதத்தையும் நபிமொழியையும் சட்டத்தையும் கலப்பில்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. அக்பர் அகமதின் அகராதியில் தேவ்பந்த் என்பது எல்லைக்கோடு போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும் போக்கு. ஔரங்கசீப் இந்த வரிசையில் வருவார்.

அலிகார் என்றால் சர் சையத் அகமது கான். அதே 1857 தோல்விக்கு இன்னொரு பதில். 1869-ல் இங்கிலாந்து போனார், கேம்பிரிட்ஜைப் பார்த்தார், திரும்பி வந்து 1875-ல் அலிகாரில் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். 1920-ல் அது பல்கலைக்கழகமானது. ஆங்கிலமும் அறிவியலும் படி, மார்க்கத்தை விடாதே, இரண்டுக்கும் சண்டை இல்லை என்பது அவர் நிலை. அதற்காக அவரைக் காஃபிர் என்று ஃபத்வா கொடுத்தவர்களும் இருந்தார்கள். எகிப்தின் சீர்திருத்த அறிஞர் முகமது அப்துஹூவும், லண்டனில் சட்டம் படித்த ஜின்னாவும் அக்பர் அகமதின் கணக்கில் அலிகார்காரர்கள். ஜின்னா அலிகாரில் படித்தவரில்லை. ஊர்ப் பெயர் இங்கே மனப்போக்கின் பெயர், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இருப்பவர் இதை எளிதாகப் பொருத்திப் பார்க்கலாம். நாகூர் கந்தூரிக்குக் கூடும் கூட்டம் அஜ்மீர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவைத் தேவ்பந்த் பக்கத்தில் வைக்கத் தோன்றும். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் அலிகார். மூன்று இடங்களுக்கும் ஒரே குடும்பத்து ஆட்கள் போய்வருவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தர்காவே கூடாது என்று மேடை போட்டுப் பேசும் தவ்ஹீத் இளைஞரை எங்கே வைப்பது? தேவ்பந்தில் வைத்தால் அவரும் ஒத்துக்கொள்ளமாட்டார், தேவ்பந்த் வழி உலமாவும் (மார்க்க அறிஞரும்) ஒத்துக்கொள்ளமாட்டார். வகைப்பாட்டின் முதல் விரிசல் நம் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடுகிறது.

பெரிய விரிசல்கள் அந்த மூன்று ஊர்களிலேயே இருக்கின்றன. தேவ்பந்தை நிறுவிய நானவ்தவியும் கங்கோஹியும் ஹாஜி இம்தாதுல்லாவின் முரீதுகள், அதாவது சீடர்கள். இம்தாதுல்லா சிஷ்தி வழியைச் சேர்ந்த சூஃபி. அதாவது தேவ்பந்தின் வேர் போய்ச் சேருவது அஜ்மீர் குவாஜாவின் வழியில்தான். தர்காவில் நடக்கும் சில சடங்குகளைத்தான் அவர்கள் எதிர்த்தார்களே தவிர சூஃபி வழியையே எதிர்க்கவில்லை. தேவ்பந்தின் முதல் மாணவர் என்று சொல்லப்படும் மஹ்மூதுல் ஹசன், முதுமையில், 1920-ல் அலிகாருக்கே போய் ஜாமியா மில்லியாவுக்கு அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷ் உதவிபெறும் கல்வியை விட்டு வெளியேறிய அலிகார் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் அது.

அரசியலுக்கு வந்தால் வரைபடம் தலைகீழாகிவிடும். திறந்த மனத்துக்கு அலிகார், மூடிய எல்லைக்குத் தேவ்பந்த் என்றுதானே சொன்னோம்? தனி நாடு கேட்ட இயக்கத்துக்குத் தொண்டர்களை வாரி வழங்கியது அலிகார். இந்து, முஸ்லிம் எல்லாரும் சேர்ந்தது ஒரே தேசம் என்று வாதாடிப் பிரிவினையை எதிர்த்தவர் தேவ்பந்தின் தலைமை ஆசிரியர் ஹுசைன் அகமது மதனி. சர் சையத் காங்கிரசில் சேராதீர்கள் என்றார். தேவ்பந்த் உலமாவில் பெரும்பாலோர் காங்கிரசோடு நின்றார்கள். அங்கும் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. ஷப்பீர் அகமது உஸ்மானி என்ற தேவ்பந்த் அறிஞர் பாகிஸ்தான் பக்கம் போனார். 1948-ல் ஜின்னா இறந்தபோது ஜனாஸா தொழுகை நடத்தியவர் அவர்தான். அலிகார்ப் போக்கின் சின்னமாக அக்பர் அகமது வைத்திருக்கும் மனிதரின் கடைசித் தொழுகையை நடத்தியவர் தேவ்பந்த்காரர்.

அப்படியென்றால் இந்த வகைப்பாட்டைக் கைவிட்டுவிடலாமா? வேண்டாம் என்பேன். முஸ்லிம்களை 'நல்லவர், கெட்டவர்', 'மிதவாதி, தீவிரவாதி' என்று இரண்டாகப் பிரித்துப் பழகிய ஒரு காலத்தில் அவர் மூன்று என்றார். அதிலும் மூன்றுமே மார்க்கத்துக்கு உள்ளேயிருந்து வந்த பதில்கள் என்றார். வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லத் துணிச்சலும் வேண்டும். ஆளை அடைத்துவைக்கும் பெட்டியாக அல்லாமல், ஒரே ஆளுக்குள் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும் இழுப்பாக இவற்றை எடுத்துக்கொண்டால் மூன்று ஊர்களும் நன்றாகவே வேலை செய்யும்.

மூன்று ஊர்களும் சேர்ந்தாலும் விளக்க முடியாத ஒன்று உண்டு. பாகிஸ்தானின் அகோரா கட்டக்கில் தாருல் உலூம் ஹக்கானியா என்ற மதரஸா இருக்கிறது. 1947-ல் அதைத் தொடங்கிய அப்துல் ஹக் தேவ்பந்தில் படித்து அங்கேயே பாடம் நடத்தியவர். தாலிபான் தலைவர்கள் பலர் அங்கே படித்தவர்கள். இந்தியாவின் தேவ்பந்திலோ 2008 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான உலமா கூடிப் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று அறிவித்தார்கள். இரண்டு இடத்திலும் படிப்பது ஏறத்தாழ அதே பாடத்திட்டம். ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் தீர்மானம். வித்தியாசத்தைப் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஆப்கன் போர், அகதிகள், பல நாடுகளிலிருந்து பாய்ந்த பணம், நங் சமூகத்தின் மானக்கணக்கு, வாக்குப்பெட்டியுள்ள அரசும் அது இல்லாத எல்லைப்புறமும்: தேட வேண்டியது அங்கே.

அக்பர் அகமதுக்கு இது தெரியாததில்லை. வானாவில் கற்ற பாடமே இதுதானே. 2013-ல் ஆளில்லா விமானத் தாக்குதல்களைப் பற்றி எழுதிய நூலில் அவர் அந்தப் பழைய பாடத்துக்கே திரும்பினார். ஏமன், சோமாலியா, வஜிரிஸ்தான், காக்கசஸ் என்று நாற்பது சமூகங்களை எடுத்துக்கொண்டு, பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்று சொல்லப்படுவது நடைமுறையில் விளிம்பிலுள்ள குலச் சமூகங்களின் மீது மைய அரசுகளும் அமெரிக்காவும் தொடுக்கும் போராக மாறிவிட்டது என்று வாதிட்டார். வஜிரிஸ்தானில் மாலிக்குகளைக் கொன்று, அரசியல் முகவரை வலுவிழக்கச் செய்து, முல்லாவின் இடத்தில் ஆயுதக் குழு வந்து உட்கார்ந்தது. மூன்று அதிகாரங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. நாற்பது உதாரணங்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பது அந்த நூலின் பலவீனம். வஜிரிஸ்தான் அத்தியாயம் மட்டும் தனித்து நிற்கிறது. காரணம், அது அவர் நடந்த மண்.

குறை சொன்னவர்களும் உண்டு. 1986-ல் 'இஸ்லாமிய மானுடவியல்' ஒன்று வேண்டும் என்று அவர் எழுதியபோது, ஆய்வையும் சமயப் பற்றையும் குழப்புகிறார் என்று ரிச்சர்ட் டாப்பர் போன்ற மானுடவியலாளர்கள் மறுத்தார்கள். எனக்கு உறுத்துவது வேறு. தான் ஆண்டவர்களையே ஆய்வு செய்தார். கடைவீதியை இடித்துத் தள்ளிய அரசின் அதிகாரியிடம் வானாக்காரர் எவ்வளவு மனம் திறந்திருப்பார்? அவரது எழுத்தில் அரசியல் முகவர் எப்போதும் கொஞ்சம் கூடுதல் நியாயமுள்ளவராகவே தெரிகிறார். குலத்தையே தண்டித்த 1901 சட்டத்தின் கீழ் வாழ்ந்த பெண்களின் குரலும் அந்தப் பக்கங்களில் மிகக் குறைவு. 2018-ல் பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைக்கப்பட்டு அரசியல் முகவர் ஆட்சி முடிவுக்கு வந்தபோது, அந்தச் சட்டம் ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்கள் அங்கேயே ஏராளம்.

அவரைப் புதிதாகப் படிக்க விரும்புபவர் பெரும்பாலும் மூன்று ஊர்கள் வரும் 2007-ம் ஆண்டுப் புத்தகத்தைத்தான் முதலில் எடுப்பார். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, 1983-ல் வந்த வானா முல்லா நூலிலிருந்து தொடங்கலாம். நடை கொஞ்சம் வறண்டது, குலங்களின் பெயர்கள் தலை சுற்றவைக்கும், வம்சாவளிப் படங்களை விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதை முடித்துவிட்டு 2007 நூலுக்கு வந்தால், அவர் எந்த நாட்டைப் பற்றி எழுதும்போது கால் தரையில் இருக்கிறது, எந்த நாட்டைப் பற்றி விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழியில் எழுதுகிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்துவிடும்.